கோலுக்கேற்ற கயிறு

தூண்டில் என்றதும் எம்மவர் மனக்கண்முன் எழுவது பெரும்பாலும் ஒரே காட்சிதான். நீளமான தங்கூசி, அதன் நுனியில் முள், முள்ளிலே இறாலோ மீன்துண்டோ, சற்று மேலே ஓர் ஈயக்குண்டு. கையைச் சுழற்றி வீசினால் ஈயம் முன்னே பறக்கும். தங்கூசி அதன் பின்னே இழுபட்டுச் செல்லும். எறியப்படுவது ஈயமே, தங்கூசி அதனைத் தொடர்ந்து செல்வது மட்டுமே. கடற்கரையிற் பிறந்த பத்து வயதுச் சிறுவனும் இதனை அறிவான். அவனுக்கு இதனைக் கற்பிக்க நூலும் வேண்டியதில்லை, ஆசானும் வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான முறையொன்றும் உலகில் உண்டு. அதனை ஈத்தூண்டில் எனலாம். இங்கே முள்ளில் இரை இல்லை. இறகும் விலங்கின் மயிரும் நூலும் கொண்டு முள்ளைச் சுற்றி, ஓர் ஈயைப் போலவோ, சிறு மீனைப் போலவோ, இறாலைப் போலவோ தோன்றச் செய்த பொய்யிரை ஒன்றே இருக்கும். எம் நாட்டுக்கும் இது முற்றிலும் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த நீரோடைகளில் ட்றவுட் என்னும் மீனினத்தைக் கொணர்ந்து விட்டு, அதனைப் பிடிப்பதற்கு இந்த ஈத்தூண்டிலையே ஏந்தித் திரிந்தனர். ஆயினும் யாம் இன்று கூற எடுத்துக்கொண்டது மலையோடைக் கதையன்று. உப்புநீரில் வலிய மீன்களை எதிர்கொள்வதற்கென்று செய்யப்படும் குறுகிய, வலிய கோலுக்கு எத்தகைய கயிறு பொருந்தும் என்பதே எமது பொருள். மிகச் சிறிய பொருள் என்று தோன்றலாம். ஒரு முதியவரின் தோளும் ஒரு மீனின் உயிரும் அதிலே தங்கியிருப்பதை யாம் நேரிற் கண்டோம், ஆதலின் எழுதுகிறோம்.

பொய்யிரைக்கு எடை இல்லை என்றே சொல்லலாம். கோழியிறகொன்றை எடுத்துக் கல்லை எறிவதுபோல் எறிந்து பாருங்கள், காலடியிலேயே விழும். ஆதலின் ஈத்தூண்டிலில் எறியப்படுவது இரையன்று, கயிறே. அக்கயிறு தங்கூசியைப் போல் மெல்லியதன்று. நார்ப் பின்னலின் மேலே பிளாஸ்திக் பூசப்பெற்ற, தடித்த, எடையுள்ள கயிறு. அதன் நுனியிலேதான் சில அடி நீளமான தங்கூசியும் பொய்யிரையும் கட்டப்படும். வண்டிக்காரன் சாட்டையை வீசும்போது கைப்பிடியின் அசைவு வாரின் வழியே ஓடி நுனியிற் சென்று முடிவதை யாவரும் கண்டிருப்பர். அவ்வாறே கோலின் அசைவு கயிற்றின் வழியே ஒரு வளையமாக உருண்டோடி, ஈற்றிலே பொய்யிரையை நீரின்மேல் வைக்கும்.

கோல் வளைந்து நிமிர்வதாலேயே கயிறு பறக்கிறது. கோலை வளைப்பதோ கயிற்றின் எடை. கயிறு இலேசாயிருந்தால் வலிய கோல் வளையாது; வெறுந்தடியாகவே நிற்கும். அப்பொழுது எறிபவர் தம் தோள்வலியினால் அக்குறையை ஈடுசெய்ய நேரிடும். கயிறு அளவு மீறிப் பாரமாயிருந்தாலோ கோல் துவண்டு, நிமிர்வதற்கு நேரமெடுக்கும். வளையம் அகன்று காற்றிலே சிக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றடித் துலாவைப் பழக்கத்தில் அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அடிப்பக்கத்துப் பாரம் வாளி நீருக்குப் பொருந்தியிருந்தால் ஒரு குழந்தையும் தண்ணீர் அள்ளும். பொருந்தாவிடின் இளைஞனுக்கும் முதுகு நோகும்.

அப்படியாயின் பொருத்தத்தை அறிவது எவ்வாறு? முற்காலத்திலே குதிரைவால் மயிராலும், பின்னர்ப் பட்டினாலும் இக்கயிறுகள் செய்யப்பட்டன. பட்டுக்கயிற்றின் காலத்தில் தடிப்பே அளவாயிருந்தது. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 60 பங்கு தடிப்பாயின் ஆங்கில முதலெழுத்தாகிய ‘ஏ’. அதிலிருந்து ஐந்தைந்து பங்காகக் குறைந்து, 20 பங்குக்கு ‘ஐ’ என்னும் எழுத்து. நுனிகள் மெலிந்தும் நடு தடித்தும் உள்ள கயிற்றை ‘எச்.சி.எச்.’ என்று மூன்றெழுத்தால் வழங்கினர். அதாவது 25 பங்கிலே தொடங்கி, 50 பங்காகப் பெருத்து, மீண்டும் 25 பங்காக மெலிவது. கயிறு எல்லாம் பட்டாயிருந்தவரை இம்முறை செவ்வனே நடந்தது. ஒரே பொருளாதலின் தடிப்பு ஒத்தால் எடையும் ஏறக்குறைய ஒத்தது.

இரண்டாவது உலகப் போரின் பின்னர் நைலோனும் பிளாஸ்திக்கும் வந்தன. நைலோன் பட்டிலும் இலேசானது. அதே தடிப்பு, அதே எழுத்து, எடையோ வேறு. கோல்கள் எல்லாம் திடீரெனச் சோம்பிவிட்டன போலத் தோன்றின. ஆதலின் அமெரிக்க மீன்பிடி உபகரண உற்பத்தியாளர் சங்கத்தார் 1960களின் தொடக்கத்தில் எழுத்துக்களைக் கைவிட்டு, எடையையே அளவாக்கினர். கயிற்றின் முன்பகுதியில் முதல் 30 அடி, அதாவது 9.14 மீற்றர், எத்தனை கிரேன் நிறை கொண்டது என்று பார்த்து, அதற்கொரு எண் கொடுத்தனர். 8ஆம் எண்ணுக்கு 210 கிரேன்; 9ஆம் எண்ணுக்கு 240; 10ஆம் எண்ணுக்கு 280; 11ஆம் எண்ணுக்கு 330; 12ஆம் எண்ணுக்கு 380. இம்மி பிசகாது செய்தல் இயலாதாகையால் சிறிது கூடுதல் குறைவுக்கும் இடமளித்தனர். 10ஆம் எண் கயிறு 270இலிருந்து 290 கிரேன் வரை இருக்கலாம்.

கிரேன் என்னும் நிறை எம் இல்லங்களில் வழக்கிலில்லை. ஏறத்தாழ பதினைந்தரைக் கிரேன் சேர்ந்தால் ஒரு கிறாம். தங்கப் பவுண் 8 கிறாம் என்பதை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லையாதலின், அதைக்கொண்டே கூறிவிடுவோம். 8ஆம் எண் கயிற்றின் முதல் முப்பதடி ஒன்றேமுக்காற் பவுணுக்குச் சற்றுக் குறைவு. 10ஆம் எண் இரண்டேகாற் பவுண். 12ஆம் எண் மூன்று பவுணுக்குச் சற்று மேல். பெருமீன்களுக்கென்று கொண்டாடப்படும் கயிற்றின் எறிபாரம் இவ்வளவே. ஒரு காப்பளவு எடைதான் கோலை வளைத்து, மரக்கிளைக்கு அடியிலே பொய்யிரையைச் சேர்க்கிறது. ஆதலின் இங்கே அரைப்பவுண் வேறுபாடும் பெரிய வேறுபாடு.

கயிற்றுக்கு இவ்வாறு ஓர் அளவு வந்தது. கோலுக்கு அத்தகைய பொது அளவு வரவில்லை. கோலின் அடியிலே 10 என்று பொறித்திருந்தால், ‘இதற்கு 10ஆம் எண் கயிறு பொருந்தும் என்பது எமது கருத்து’ என்று அதைச் செய்தவர் கூறுகிறார் என்பதே பொருள். ஒருவரின் 10 மற்றொருவரின் 9, வேறொருவரின் 11. குறுங்கோல் செய்தவர்களிற் சிலர் எண்ணை முற்றாக விடுத்து, இத்தனை கிரேன் கயிறு ஏந்தத் தக்கது என்று நேராகவே எழுதினர். அதனை யாம் நேர்மையான முறை என்போம்.

கோலைக் குறுக்க வேண்டிய தேவை யாது என்று வாசகர்கள் கேட்கலாம். உப்புநீர் ஈத்தூண்டிற் கோல் வழக்கமாக 9 அடி நீளமுடையது. நீண்ட கோல் கயிற்றை நீரிலிருந்து உயரத் தூக்கும், தொலைவெறிதலுக்கு உதவும். ஆனால் மீன் அகப்பட்ட பின்னர் அதே நீளம் மீனுக்குத் துணையாகிவிடும். கோல் ஒரு நெம்புகோல். கையோ அதன் குறும்பக்கத்தைப் பற்றியிருக்கிறது. ஒரே வளைவில் நிற்கும் 9 அடிக் கோலையும் 8 அடிக் கோலையும் ஒப்பிட்டால், ஒரே இழுவைக்குக் கையும் தோளும் தாங்கும் சுமை குறுங்கோலில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு குறையும். அன்றியும் கண்டல் மரங்கள் கவிந்த ஒடுங்கிய கால்வாயிலே குறுங்கோலை வீசுவது எளிது. குறுங்கோலின் பெருமையை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் அமெரிக்கராகிய லீ வுல்ஃப் (1905–1991). அவர் 6 அடிக் கோலைக் கொண்டே அத்திலாந்திக் சமுத்திரத்துச் சமன் மீன்களைப் பிடித்துக் காட்டினார். மீன்பிடிச் சாதனைகளைப் பதிவுசெய்யும் சர்வதேச சங்கத்தின் விதியும் ஈத்தூண்டிற் கோல் 6 அடிக்குக் குறையலாகாது என்பதே.

இனி, எம் குடும்பத்துக் கதைக்கு வருவோம். எமது தமக்கையாரும் அவர் கணவரும் புளோரிடா மாநிலத்தின் தென்மேற்குக் கரையிலே வாழ்கின்றனர். அவ்விடத்துக்கு அண்மையிலே ‘பத்தாயிரம் தீவுகள்’ என்று பெயர்பெற்ற ஒரு நீர்ப்பரப்பு உண்டு. பெயர் பத்தாயிரமாயினும் உண்மையிலே சில நூறு தீவுகளே. எல்லாம் கண்டல் அடர்ந்த தீவுகள். வேர்கள் நீருக்குள் விரல்களைப் போல் இறங்கி நிற்கும். அவ்வேர்களின் நிழலிலே ஸ்னூக் என்னும் மீன் பதுங்கியிருக்கும். எங்கள் கொடுவாவைக் கண்டவர்கள் அதனைப் பார்த்தால் உறவென்றே கருதுவர். மீனியல் அறிஞரும் இரண்டையும் நெடுங்காலம் ஒரே குடும்பத்தில் வைத்திருந்து, பின்னரே பிரித்தனர்.

அத்தான் இளைப்பாறிய பொறியியலாளர். எழுபது வயதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டுகளாக அக்கண்டல் நிழலே அவருக்குக் கோயில் வீதியும் வாசிகசாலையும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவரது வலத்தோளிலே சத்திர சிகிச்சை செய்யப்பட்டது. வைத்தியர் தூண்டிலை அடியோடு தடுக்கவில்லை; ஆனால் தோள் களைக்கும் அளவுக்கு எறிதல் கூடாது என்று கண்டிப்பாகக் கூறியிருந்தார். எனவே அத்தான் தமது 9 அடிக் கோலைச் சுவரிலே சாத்திவிட்டு, 8 அடிக் கோலொன்றை வாங்கினார். அதிலே 10 என்று பொறித்திருந்தது. கடைக்காரரும் 10ஆம் எண் கயிற்றையே எடுத்துக் கொடுத்தார். எண்ணுக்கு எண் சரி. ஆயினும் யாம் சென்ற ஆண்டு அங்கே தங்கியிருந்தபோது கண்டது வேறு. இருபது முறை வீசுவதற்குள் அத்தான் கோலைப் படகிலே கிடத்திவிட்டு, இடக்கையால் வலத்தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எவரோடும் பேசமாட்டார்.

“இஞ்சாருங்கோ, இந்தத் தடியை ஆருக்காவது கொடுத்துவிடுங்கோ. தோள் போனால் பிறகு சோற்றுக் கோப்பையையும் தூக்கேலாது” என்று அக்கா ஒருநாள் சொன்னார். அத்தான் மறுமொழி கூறவில்லை. கோலை விட்டுவிடுதல் அவருக்கு ஒரு பொழுதுபோக்கை விடுதல் அன்று என்பதை அக்காவும் அறிவார், யாமும் அறிவோம். அவ்வாறிருந்தும் அக்கா சொன்னதிலே பிழையில்லை.

“அத்தான், கயிற்றை எப்போதாவது நிறுத்துப் பார்த்தீர்களா?” என்று யாம் கேட்டோம்.

“பெட்டியிலே எழுதியிருக்கிறது. அதற்குமேல் என்ன நிறுக்கக் கிடக்கு? வேண்டுமென்றால் நீர் நிறுத்துப் பாரும், தம்பி” என்றார்.

அக்கா நகை நிறுப்பதற்கு வைத்திருந்த சிறிய மின்தராசு உதவிக்கு வந்தது. முதல் முப்பதடியை அளந்து நூலால் அடையாளமிட்டு, அதனைச் சுருட்டித் தட்டிலே வைத்தோம். எஞ்சிய கயிறு தட்டை இழுக்காதபடி, தட்டின் உயரத்துக்கே புத்தகங்களை அடுக்கி அவற்றின்மேல் வைத்தோம். 18 கிறாமும் சொற்பமும். அதாவது 280 கிரேன். பெட்டியிலே பொய்யில்லை.

பின்னர்க் கோலைச் சோதித்தோம். இதற்கு எளிய முறையொன்றை அமெரிக்கராகிய பில் ஹன்னமன் என்பவர் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே வகுத்துக் காட்டியிருக்கிறார். கோலின் அடியைக் கிடையாக இறுக்கி வைத்து, நுனியிலே ஒரு சிறு பையைக் கட்டித் தொங்கவிட்டு, அதனுள் அமெரிக்க ஒரு சத நாணயங்களை ஒவ்வொன்றாக இடவேண்டும். இக்காலத்து நாணயமொன்று இரண்டரைக் கிறாம். நுனி கோலின் நீளத்தில் மூன்றிலொரு பங்கு கீழே இறங்கும்வரை எத்தனை நாணயம் தேவைப்பட்டதோ அதுவே கோலின் வலிமை. எட்டடிக் கோலுக்கு நுனி 2 அடி 8 அங்குலம் தாழவேண்டும். ஒன்பதடிக் கோலுக்கு 3 அடி. சுவரிலே சாத்தியிருந்த பழைய கோலையும் இறக்கி, இரண்டையும் ஒப்பிட்டோம். அதிலும் 10, இதிலும் 10. ஆனால் குறுங்கோல் பழையதைக் காட்டிலும் தெளிவாகக் கூடிய நாணயங்களை ஏந்தியது. ஒரே எண், ஒரே வலிமையன்று.

எனினும் இது பாதி விடையே. மறுபாதி கயிற்றின் எண்ணிலோ கோலின் எண்ணிலோ இல்லை; தொலைவிலே இருந்தது. அத்தான் கண்டலின் அடியிலே எறிவது தம் காலடியிலிருந்து 40 அடித் தொலைவுக்கே. அதில் நுனித் தங்கூசி 8 அடி. கோல் முன்னே நீட்டி நிற்பது ஏறத்தாழ 8 அடி. எஞ்சுவது 24 அடி. எனவே அவர் எறியும்போது கோலின் நுனிக்கு வெளியே நிற்பது 24 அடிக் கயிறு மாத்திரமே. சங்கத்தார் எண் கொடுத்ததோ 30 அடிக்கு! அந்தக் கயிற்றின் தலைப்பகுதியோ 45 அடி நீளமானது. திறந்த கடலிலே தொலைவாக எறிபவருக்கென்று செய்யப்பட்டது. நுனிப்பக்கம் மெலிந்து, பாரம் பின்னே தள்ளி நிற்பது. முதல் 24 அடியை மாத்திரம் நிறுத்தோம். 14 கிறாம்கூட நிறையவில்லை. அஃதாவது அவர் வலிய குறுங்கோலைக் கொண்டு, 8ஆம் எண் கயிற்றின் பாரத்தையே வீசிக்கொண்டிருந்தார். கோல் வளையவில்லை. வளையாத கோலின் வேலையைத் தோள் செய்தது.

இன்னுமொன்று. பாரம் போதாமையால் அவர் ஒவ்வொரு முறையும் கயிற்றை நாலைந்து தடவை முன்னும் பின்னுமாக ஆட்டி, மேலும் சில அடி வெளியேற்றிய பின்னரே இரையை விடுவார். இருபது எறிதல் என்று யாம் எண்ணினோம். தோளின் கணக்கிலோ அது நூறு.

கண்டற் கரைக்குரிய கயிறு வேறு வகையானது. அதன் தலைப்பகுதி குறுகியது. பாரம் முன்னே செறிந்தது. இரண்டு வீடு தள்ளி வாழும் அயலவர் ஒருவரிடம் அத்தகைய பழைய கயிறு இருந்தது. அதன் தலை 24 அடி; நிறை 330 கிரேன், ஏறத்தாழ 21 கிறாமும் அரையும். மேசையின் மறுமுனையிலே மீன்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த அக்கா, “கிரேனும் கிறாமும் எனக்கு விளங்காது, பவுணிலே சொல்” என்றார். பழைய கயிறு ஒன்றேமுக்காற் பவுண். இது இரண்டேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு. வேறுபாடு ஏறத்தாழ ஒரு பவுண் என்றோம். “ஒரு பவுண் குறைந்தால் தட்டானிடம் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்! இவர் ஏன் இவ்வளவு நாளும் வைத்துக்கொண்டிருந்தவர்?” என்றார். அத்தான் அன்றுதான் பல நாட்களின் பின் சிரித்தார்.

மறுநாட் காலை முற்றத்துப் புல்லிலேயே பொய்யிரைக்குப் பதிலாகச் சிறு நூற்குஞ்சம் கட்டி எறிந்து பார்த்தார். ஒருமுறை பின்னே, ஒருமுறை முன்னே, அவ்வளவுதான். கோல் கைப்பிடிவரை வளைந்து நிமிர்ந்தது. நாற்பதடியிலே வைத்திருந்த தட்டின் அருகே குஞ்சம் போய் விழுந்தது. எறிதலொன்றுக்கு ஐந்து அசைவு இரண்டாகக் குறைந்தது. வாரமிறுதியில் கால்வாயிலே ஓர் ஸ்னூக் அகப்பட்டது. அது வேர்களுக்குள் ஓட முயன்றபோது அத்தான் கோலை மேலே உயர்த்தாமல், பக்கவாட்டிலே தாழ்த்திப் பிடித்து அதன் தலையைத் திருப்பினார். சில நிமிடங்களிலே மீன் படகருகே வந்தது. நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டார். அது நின்று பார்க்காமல் ஓடிற்று.

அவ்வாறு ஓடியதிலேதான் இக்கலையின் மற்றப் பொறுப்பு அடங்கியிருக்கிறது. வலிவற்ற கருவியால் நெடுநேரம் இழுபறிப்படும் மீனின் தசைகளிலே இலற்றிக்கமிலம் சேர்ந்து, விடுவித்த பின்னும் அது நிலைகொள்ளாது தத்தளிக்கும். அருகிலே சுறா இருப்பின் அதற்கு இரையாகும். புளோரிடாவிலே தாப்பன் என்னும் பெருமீனையும் போன்பிஷ் என்னும் மேட்டுநில மீனையும் 2013ஆம் ஆண்டு முதல் பிடித்தவர் விடுவித்தல் வேண்டும் என்பதே விதி. சாதனைப் பதிவுக்கென்று அனுமதிச்சீட்டுப் பெற்றவர்க்குத் தாப்பனில் மட்டும் விலக்குண்டு. நாற்பது அங்குலத்துக்கு மேற்பட்ட தாப்பனை நீரிலிருந்து தூக்குவதற்கும் தடை உண்டு. விடுவிக்கும் மீன் பிழைக்காவிடின் விதியினாற் பயன் யாது? குறுங்கோலின் வலிமை மீனை விரைவில் அடக்குவதற்கே; விரைவில் அடக்குவது அதனை உயிருடன் அனுப்புவதற்கே.

இதைக் கொண்டு, பாரக்கயிறே எங்கும் சிறந்தது என்று கொள்ளலாகாது. புளோரிடாவின் தென்கோடியிலே உள்ள இஸ்லமொறாடாவில், ஜோ புறூக்ஸ் என்னும் எழுத்தாளர் 1947இல் ஜிம்மி அல்பிறைற் என்னும் படகோட்டியின் துணையுடன் ஈத்தூண்டிலாற் போன்பிஷ் பிடித்ததன் பின்னரே அவ்வேட்டை எங்கும் பரவிற்று. இரு வேறு தடிப்பான கயிறுகளை இணைக்கும் முடிச்சொன்று இன்றும் அப்படகோட்டியின் பெயரால் வழங்குகிறது. அம்மீன் முழங்கால் ஆழமுங்கூட இல்லாத தெளிந்த நீரிலே மேய்வது. அங்கே குறுந்தலைப் பாரக்கயிறு நீரிலே ‘சளார்’ என விழுமாயின் மீன்கள் யாவும் ஓடி மறையும். அவ்விடத்துக்கு நீண்டு மெலிந்த நுனியுடைய கயிறே வேண்டும். கூடிய தொலைவுக்கு எறிவதால் கோலுக்கு வெளியே நிற்கும் கயிறும் கூடி, பாரம் தானே வந்துசேரும்.

வெப்பத்தையும் மறத்தலாகாது. குளிர்நீருக்கென்று மென்மையாகச் செய்த கயிறு வெப்பநாட்டு வெயிலிலே இளகித் துவளும். ஓடு வளையங்களில் ஒட்டும். வெப்பநாட்டுக் கயிறு குளிரிலே கம்பியைப் போற் சுருண்டு நிற்கும். இரண்டும் ஒரே எண்ணையே தாங்கியிருக்கும். எண் இதனைக் கூறாது. பெட்டியின் மறுபக்கத்தைப் படித்தல் வேண்டும்.

ஆதலின் குறுகிய வலிய கோலொன்றுக்குக் கயிறு தேடுவோர் தம்மைத் தாமே மூன்று கேள்வி கேட்டுக்கொள்வாராக. எத்தனை அடித் தொலைவுக்கு எறியப் போகிறேன்? அப்பொழுது கோலின் நுனிக்கு வெளியே நிற்கும் கயிறு எத்தனை அடி? அத்தனை அடியின் நிறை யாது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் எண்ணைப் பார்த்தாற் போதும். இரண்டு எண்களுக்கிடையே ஐயம் எழுமாயின், குறுந்தொலைவுக்குக் கூடிய பாரத்தையும் நெடுந்தொலைவுக்குக் குறைந்த பாரத்தையும் தெரிந்துகொள்க. இயலுமாயின் வாங்குவதற்கு முன்னர் ஒருவரிடம் இரவல் பெற்று, புல்வெளியிலே எறிந்து பார்க்க. தோள் நொந்தால், தோளைக் குறைகூறுமுன் தராசை எடுக்க.

அத்தான் இப்பொழுதும் வாரத்தில் இரண்டு நாள் கண்டற் கரைக்குப் போகிறார். ஒரு காலையிலே நாற்பது எறிதலுக்கு மேல் ஆகாது என்பது அக்காவின் கட்டளை. நாற்பதை எண்ணுவதற்காக நாற்பது புளியங்கொட்டைகளை ஒரு பேணியில் இட்டுக் கொடுத்தனுப்புகிறார். பேணி வெறுமையாகித் திரும்பும் நாட்களே மிகுதி என்று அண்மையிலே தொலைபேசியிற் சொன்னார். அதைக் குறையாகச் சொன்னாரோ நிறைவாகச் சொன்னாரோ என்பது அவர் குரலிலே தெரியவில்லை.